ஆப்பில் தொண்ணூறு, மண்டபத்தில் அறுபத்திநான்கு

கேள்வி: அண்ணா, வணக்கம். வவுனியாவில் பத்து வருசம் வயரிங் வேலை செய்தேன், பிறகு கட்டாரில் ஆறு வருசம். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கொன்ட்ராக்டரிடம் அப்ரெண்டிஸாகப் பதிந்து வேலை செய்கிறேன். பழைய அனுபவத்தை மதிப்பிட்டு, எலெக்ட்ரீஷன் சான்றிதழுக்கான 309ஏ பரீட்சை எழுத அனுமதி தந்தார்கள். இரண்டு தரம் எழுதிவிட்டேன். முதலில் 61, பிறகு 64. ஃபோனில் உள்ள ஒரு ஆப்பில் ஒவ்வொரு நாளும் பயிற்சிப் பரீட்சை செய்கிறேன். அதில் 90க்குக் கீழே போவதே இல்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்கவில்லை. ஒருவர், போன மாதம் வந்த அசல் கேள்விகள் தன்னிடம் இருக்கின்றன, 300 டொலருக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இல்லையென்றால் எந்தக் கேள்விப் புத்தகம் நல்லது? வயது 43, இரண்டு பிள்ளைகள். படிக்கக் கிடைப்பது இரவில் ஒரு மணித்தியாலம்தான். சித்தியடைந்தால் சொந்தமாக வேலை எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். ஆப்பின் சில படங்களையும் பெறுபேற்றுக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.
ஸ்காபரோ வாசகர் ஒருவர்

பதில்: தம்பி, முதலில் அந்த 300 டொலர் விசயத்தை முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். பரீட்சைக் கேள்விகளை வெளியே கொண்டுபோவதும், விற்பதும், தெரிந்து வாங்குவதும் விதிமீறல். பிடிபட்டால் இவ்வளவு தூரம் வந்த உங்கள் விண்ணப்பமே போய்விடும். அப்படி விற்கப்படும் தாள்களைப் பார்த்திருக்கிறேன். பாதி எங்கோ இணையத்தில் எடுத்தவை, விடைகளில் கணிசமானவை பிழை. நீங்கள் பதினாறு வருசம் கையால் செய்த வேலைக்கு அந்தத் தாள் தேவையில்லை.

64 என்பது மோசமான புள்ளி அல்ல. பரீட்சையில் 100 கேள்விகள், சித்திக்கு 70 வேண்டும். இன்னும் ஆறு கேள்விகள்தான். ஆனால் இதே முறையில் மூன்றாம் தரமும் போனால் 65 வரலாம், 66 வரலாம், 70 வராது. ஏன் என்பது நீங்கள் அனுப்பிய படங்களிலேயே இருக்கிறது.

அந்த ஆப் அமெரிக்கக் கோட்டுக்காக, அதாவது அங்குள்ள மின் விதிப்புத்தகத்துக்காகச் செய்தது. வீட்டு லோட் கணக்கில் (வீடு எவ்வளவு மின்சுமை எடுக்கும் என்ற கணக்கு) சதுர அடிக்கு 3 விஏ (வோல்ட்-அம்பியர்) என்று போட்டிருக்கிறான். பெட்டி நிரப்பும் கணக்கை, அதாவது ஒரு வயரிங் பெட்டிக்குள் எத்தனை கம்பிக்கு இடமுண்டு என்பதை, கன அங்குலத்தில் கேட்கிறான். கனடாவில் இரண்டும் இல்லை. இங்கே ஒரு தனி வீட்டுக்கு முதல் 90 சதுர மீட்டருக்கு 5000 வாட், அதற்குமேல் ஒவ்வொரு 90 சதுர மீட்டருக்கும், அல்லது அதன் எந்தப் பகுதிக்கும், 1000 வாட். நீங்கள் ஒவ்வொரு இரவும் உட்கார்ந்து உண்மையான உழைப்போடு வேறொரு நாட்டின் பரீட்சைக்குப் படித்திருக்கிறீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் மட்டுமில்லை. எங்கள் பொடியள் பலரின் ஃபோனில் இதே மாதிரி ஆப்தான் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சரக்கு. கனடாக் கோட்டா, அமெரிக்கக் கோட்டா என்று முன்பக்கத்தில் தெளிவாகப் போடுவதும் இல்லை.

இரண்டு கோட்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெட்டிக்குள் இரண்டு 14-2 லூமெக்ஸ் (14 கேஜில் இன்சுலேஷன் உள்ள கம்பி இரண்டும் ஒரு வெறும் கம்பியும் கொண்ட கேபிள்) வருகின்றன, ஒரு பிளக் பொயின்ட், இரண்டு மரெட் (கம்பிகளை இணைக்கும் தொப்பி). எத்தனை கம்பிகளுக்கு இடம் கணக்கிட வேண்டும்? கனடாவில் இன்சுலேஷன் உள்ள கம்பி நான்கு, பிளக்குக்காக இரண்டு, ஒரு சோடி மரெட்டுக்கு ஒன்று, மொத்தம் ஏழு. 14 கேஜுக்கு ஒன்றுக்கு 24.6 மில்லிலீட்டர் வீதம் 172.2 மில்லிலீட்டர். வெறும் பொண்டிங் கம்பியை (ஊரில் எர்த் கம்பி என்போம்) எண்ணுவதில்லை. அமெரிக்கக் கோட்டில் மரெட்டை எண்ணுவதில்லை, ஆனால் பொண்டிங் கம்பிகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணுவார்கள். அங்கேயும் ஏழு வருகிறது! விடை சரி என்று ஆப் பச்சை காட்டும், நீங்கள் தவறான முறையை மனதில் உறுதியாக்கிக்கொள்வீர்கள். மரெட் நான்காகும் நாளில், அதே முறையில் போட்டால் கனடாப் பரீட்சையில் விடை பிழையாகிவிடும்.

சமையலறை மேசை நெடுக பிளக் வைக்கும் தூரமும் அப்படித்தான். இங்கே சுவரோரமாக எந்த இடமும் ஒரு பிளக்கிலிருந்து 900 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது, அங்கே இரண்டடி. 15 அம்ப் சர்க்கிட்டில் பன்னிரண்டு அவுட்லெட்டுக்கு மேல் போடக்கூடாது என்ற இங்குள்ள வரம்பு அமெரிக்க வீட்டு விதியில் இல்லவே இல்லை. இங்கே பொண்டிங் கம்பி என்பதை அவர்கள் கிரவுண்டிங் கம்பி என்பார்கள். இந்த ஆப்பை இன்றே அழித்துவிடுங்கள். வைத்துக்கொண்டு கவனமாகப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அரைத் தூக்கத்தில் படிக்கும் ஆளுக்கு அந்தக் கவனம் நிற்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். உங்கள் பழைய அனுபவம் உங்களுக்குப் பெரிய பலம், சில இடங்களில் அதுவே காலைத் தடுக்கும். ஊரில் பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல்; மூன்று ஃபேஸ் என்றால் சிவப்பு, கறுப்பு, நீலம். ஊரிலும் கட்டாரிலும் 50 ஹேர்ட்ஸ், இங்கே 60. வீட்டுக்கு 120/240 வோல்ட், பெரிய கட்டடங்களில் 347/600. வேலைத்தளத்தில் இவை உங்களுக்கு இப்போது பழகியிருக்கும். ஆனால் நேரம் போய்க்கொண்டிருக்கும் பரீட்சையில் மூளை பழைய பாதையில் ஓடிவிடும். ஒரு கேள்வியைப் பார்த்ததும் விடை தானாக மனதில் வந்தால், அது எந்த நாட்டிலிருந்து வந்த விடை என்று ஒரு கணம் யோசியுங்கள்.

சரி, எதை வைத்துப் பயிற்சி செய்வது? 309ஏ பரீட்சை ரெட் சீல் தரத்தில், அதாவது கனடா முழுதும் ஏற்கும் தொழில் தரத்தில் உள்ளது. ரெட் சீல் திட்டத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் எங்கள் தொழிலுக்கான மாதிரிக் கேள்விகளும், தன்னைத் தானே மதிப்பிடும் படிவமும், தொழில் தர ஆவணமும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதிரிக் கேள்விகள் அதிகமில்லை, ஆனால் கேள்வி எந்தத் தொனியில் வரும் என்று பிடிபட அவை போதும். தொழில் தர ஆவணத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு கேள்வி வரும் என்ற விகிதமே அதில் போட்டிருக்கிறது, இதைப் பார்க்காமல் படிக்கப் போகிறவர்கள்தான் அதிகம். அதற்குமேல் ஒரு கேள்விப் புத்தகம் வாங்குவதென்றால் கனடாக் கோட்டின் அடிப்படையில் எழுதியதா, எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். கனடாக் கோட்டை அடிப்படையாக வைத்து எங்கள் மாகாணம் வெளியிடும் ஒன்ராறியோ மின்பாதுகாப்புக் கோட்டின் 29ஆம் பதிப்பு 2025 மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பிளக் விதியை 26-712 என்று சொல்லும் கேள்விப் புத்தகம் கண்ணில் பட்டால் அது பழையது. அந்த விதி 26-724க்கு மாறி நாளாகிவிட்டது. உங்கள் பரீட்சை எந்தப் பதிப்பை வைத்து நடக்கும் என்பதைத் திகதி எடுக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

கேள்விப் புத்தகம் எது என்பதைவிட, ஒரு கேள்வியை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதுதான் உங்களுடைய ஆறு புள்ளிகளைத் தரப்போகிறது. ஆப்பில் நீங்கள் செய்தது என்ன? கேள்வி வருகிறது, தொடுகிறீர்கள், பச்சை வருகிறது, அடுத்தது. சில கிழமைகளில் அந்தக் கேள்வியின் முதல் வரியைக் கண்டதுமே விரல் விடைக்குப் போய்விடும். அந்த 90 உங்கள் நினைவாற்றலுக்குக் கிடைத்த புள்ளி. தொழிலறிவு எவ்வளவு என்பதை அது காட்டாது.

ஒரு கணக்கை முழுதாகச் செய்து பார்ப்போம், அப்போது நான் சொல்வது விளங்கும். ஒரு தனி வீடு. தரைத்தளம் 130 சதுர மீட்டர், மேல்மாடி 80, பேஸ்மென்ட் 80. 12 கிலோவாட் ரேஞ்ச் (மின்னடுப்பு), 10 கிலோவாட் பேஸ்போர்ட் ஹீட்டர், 4 கிலோவாட் ட்ரையர். 240 வோல்ட் சேர்விஸுக்கு (வீட்டுக்கு வரும் மின் இணைப்புக்கு) கணக்கிட்ட லோட் எத்தனை அம்ப்?

பேஸ்மென்டின் பரப்பில் 75 வீதத்தை மட்டும் எடுக்க வேண்டும், விதி 8-110. எனவே 60. மொத்தம் 130, 80, 60 சேர்த்து 270. முதல் 90க்கு 5000 வாட், மிச்சம் 180க்கு 2000. ரேஞ்ச் 12 கிலோவாட்டுக்கு மேல் போகவில்லை, ஆகவே 6000. ஹீட்டர் முதல் 10 கிலோவாட் முழுதாக எண்ண வேண்டும், 10,000. ரேஞ்ச் இருக்கிற வீட்டில் 1500 வாட்டுக்கு மேற்பட்ட ட்ரையர் போன்றவற்றுக்கு 25 வீதம், ஆக 1000. கூட்டினால் 24,000 வாட். 240ஆல் வகுத்தால் சரியாக 100 அம்ப்.

இப்போது பேஸ்மென்டை முழுதாக எண்ணியவரைப் பாருங்கள். அவருக்குப் பரப்பு 290. மிச்சம் 200 சதுர மீட்டருக்கு மூன்று தரம் 1000 போட வேண்டிவரும். மொத்தம் 25,000 வாட், 104 அம்ப். விடைத் தெரிவுகளில் 104உம் நிச்சயமாக இருக்கும். ட்ரையரை முழுதாகச் சேர்த்தவருக்கு 27,000 வாட், 112.5 அம்ப். அதுவும் அங்கே இருக்கும். பிழையான தெரிவுகள் சும்மா போட்ட எண்கள் அல்ல. வழியில் ஒரு படியைத் தவறவிட்டவர் எந்த எண்ணில் போய் நிற்பார் என்று யோசித்துத்தான் போடுகிறார்கள். அதனால் என் கணக்கின் விடை தெரிவுகளில் இருக்கிறது, எனவே சரி என்று நம்பிவிடாதீர்கள்.

ஒரு கேள்வி செய்து முடித்ததும் சரியோ பிழையோ, மற்ற மூன்று தெரிவுகளும் எப்படி வந்தன என்று கண்டுபிடியுங்கள். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் போகும். போகட்டும். ஒரு இரவில் ஆறு கேள்விதான் முடிகிறதென்றால் அதுவே நல்ல இரவு.

அதற்கு ஒரு பிழைக் கொப்பி வேண்டும். ஒரு சாதாரணக் கொப்பி போதும். பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி, எந்த விதி, எந்த அட்டவணை என்று ஒரு வரி, உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். கேள்வியைப் பிரதி பண்ண வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் போனால் உங்கள் பிழைகளுக்கு ஒரு குணம் இருப்பது தெரியும். ஒருவருக்கு ஆங்கிலக் கேள்வியை அவசரமாக வாசிப்பதுதான் பிழை. இன்னொருவருக்கு விதி தெரியும், அட்டவணையில் தவறான நிரலைப் பார்ப்பார். வேறொருவருக்கு விசயமே தெரியாது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் இன்னும் நூறு கேள்வி செய் என்பது ஒரு மருந்தும் இல்லை. குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாக வந்த விடைகளையும் கொப்பியில் ஏற்றுங்கள், அவை நாளைய பிழைகள்.

கோட் புத்தகத்துக்கு வருகிறேன். பரீட்சை மண்டபத்தில் அவர்கள் தரும் புத்தகத்தைத்தான் பார்க்கலாம். நீங்கள் மஞ்சள் பூசி, ஓரத்தில் தாள் ஒட்டி வைத்திருக்கும் சொந்தப் புத்தகம் உள்ளே வராது. ஆகவே புத்தகத்தில் போடும் அடையாளத்தை நம்பாமல் புத்தகத்தின் அமைப்பை மனதில் ஏற்ற வேண்டும். ஊரில் ஒழுங்கைகளெல்லாம் தெரிந்த தபால்காரர் கடிதத்தைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்புவார் அல்லவா, அந்தத் தெளிவு வர வேண்டும். பிரிவுகள் எல்லாம் இரட்டை எண்கள். 4 கம்பிகள், 6 சேர்விஸ், 8 லோட் கணக்கு, 10 கிரவுண்டிங்கும் பொண்டிங்கும், 12 வயரிங் முறைகள், 14 பாதுகாப்பு, 26 உபகரணங்கள், 28 மோட்டார், 32 ஃபயர் அலாரம், 62 மின்வெப்பம், 68 நீச்சல் குளம். இவ்வளவும் மனப்பாடமாக இருந்தால் போதும், விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மோட்டார் என்று கண்டதும் கை 28க்குப் போக வேண்டும். எந்தப் பிரிவென்று தெரியாவிட்டால் கடைசியிலுள்ள சொல்லட்டவணை. அதைப் பாவிக்க வெட்கப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன், ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அட்டவணைகளில் நாலைந்தைத் தினமும் தொட்டுப் பழகுங்கள். செப்புக் கம்பி எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதற்கு அட்டவணை 1 காற்றில் தனியாகப் போகும் கம்பி, அட்டவணை 2 குழாய்க்குள் அல்லது கேபிளுக்குள் மூன்று வரை. அவசரத்தில் 1ஐப் பார்த்துவிட்டுப் பெரிய எண்ணை எழுதுபவர்கள் ஏராளம். குழாய்க்குள் நான்கு முதல் ஆறு கம்பி என்றால் 5சி அட்டவணையின்படி 80 வீதம்தான். 90 டிகிரி 10 கேஜ் ஆறு கம்பி என்றால் 40 அம்ப் அல்ல, 32. பிறகு அந்தக் கம்பி போய் முடியும் இடத்தின் வெப்ப அளவு என்னவென்று விதி 4-006 கேட்கும். அதையும் பார்த்த பிறகுதான் விடை.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். மகனையோ மகளையோ கூப்பிட்டு, கொப்பியிலிருந்து ஒரு விசயத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரை பிள்ளை ஃபோனில் நேரம் பார்க்கட்டும். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் போகும், ஒரு மாதத்தில் அரை நிமிடத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு அப்பாவைச் சோதிப்பதில் இருக்கும் சந்தோசத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பெறுபேற்றுக் கடிதத்தைப் பார்த்தால் வயரிங் பகுதியில் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். மோட்டார் கட்டுப்பாட்டிலும், ஃபயர் அலாரம் போன்றவை வரும் சிக்னல் பகுதியிலும்தான் புள்ளி போயிருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்கள் அத்தனையும் வயரிங் கேள்விகள்! தெரிந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப நடப்பது மனதுக்கு இதம், புள்ளிக்குப் பிரயோசனமில்லை. அடுத்த ஒரு மாதம் வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம்.

ரெட் சீல் கேள்விகள் மூன்று மட்டத்தில் வரும்: நினைவிலிருந்து சொல்வது, முறையைப் பாவித்துச் செய்வது, யோசித்து முடிவெடுப்பது. ஓவர்லோட் ரிலே (மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் எடுத்தால் நிறுத்தும் கருவி) எதற்காக என்று கேட்டால் முதலாம் மட்டம். முழு லோடில் 20 அம்ப் எடுக்கும், சேர்விஸ் ஃபக்டர் (மேலதிகச் சுமையைத் தாங்கும் அளவு) 1.15 உள்ள மோட்டாருக்கு ஓவர்லோடை எவ்வளவில் வைப்பாய் என்றால் இரண்டாம் மட்டம். 125 வீதம், 25 அம்ப். சேர்விஸ் ஃபக்டர் 1.15க்குக் குறைவென்றால் 115 வீதம், 23 அம்ப். அப்புறம் மூன்றாம் மட்டம் இப்படி வரும்: ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மோட்டார் ஓடுகிறது, கையை எடுத்ததும் நிற்கிறது, பிழை எங்கே? கொயில் (மோட்டாரின் சுவிட்சை இழுத்து மூடும் காந்தச் சுருள்) வேலை செய்கிறது, ஓவர்லோட் மூடியிருக்கிறது, ஸ்டாப் பொத்தானும் சரி. இல்லாவிட்டால் மோட்டார் ஓடியே இருக்காது. ஸ்டார்ட்டுக்குச் சமாந்தரமாக இருந்து சர்க்கிட்டைப் பிடித்துவைக்க வேண்டிய துணைத் தொடுகை மூடவில்லை. இந்த விடை எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஸ்டார்ட்-ஸ்டாப் வரைபடத்தைப் பார்க்காமல் கையால் வரையத் தெரிந்தவருக்கு அது அரை நிமிட வேலை. ஆகவே வரையுங்கள். முதலில் ஒரு ஸ்டேஷன், பிறகு இரண்டு இடத்திலிருந்து ஸ்டார்ட்-ஸ்டாப், பிறகு முன்னும் பின்னும் சுழலும் மோட்டாரும், இரு திசையும் ஒரே நேரத்தில் இயங்காமல் தடுக்கும் இன்டர்லொக்கும். இந்த மூன்றையும் வரையத் தெரிந்தால் அந்தப் பகுதியின் பயம் போய்விடும்.

ஃபயர் அலாரத்திலும் அடிப்படை ஒன்றுதான். சர்க்கிட்டின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பனல் அதனூடாக எப்போதும் சிறிய கரண்டை ஓடவிட்டுக் காவல் பார்க்கும். வயர் அறுந்தால் கரண்ட் நிற்கும், பனல் ட்ரபிள் (பழுது) என்று காட்டும். கண்டறியும் கருவி மூடிக்கொண்டால் கரண்ட் கூடும், அலாரம் அடிக்கும். இதை விளங்கிக்கொண்டவருக்கு அந்தப் பகுதியின் பல கேள்விகள் தாமாகவே வழிவிடும். உங்கள் கொம்பனிக்குப் பனல் வேலை வரும் நாளில், மேற்பார்வை செய்யும் ஆளிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அப்ரெண்டிஸாக இருப்பதே கேட்பதற்குத்தான்.

முழுப் பயிற்சிப் பரீட்சையை அடிக்கடி செய்ய வேண்டாம். இரண்டு அல்லது மூன்று கிழமைக்கு ஒன்று போதும், ஆனால் செய்யும்போது உண்மையாகச் செய்யுங்கள். நாலு மணித்தியாலம், 100 கேள்வி, ஃபோன் வீட்டில். சனிக்கிழமை காலை சீடர்பிரே அல்லது அஜின்கோர்ட் நூலகத்தில் ஒரு மூலை பிடியுங்கள். வீட்டில் இருந்தால் யாராவது தேத்தண்ணி கொண்டுவந்து தருவார்கள், நினைப்புக் கலைந்துவிடும். கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி வருகிறது. முதல் சுற்றில் புத்தகம் தேவைப்படாதவற்றை மட்டும் முடியுங்கள், பெரும்பாலானவை அப்படித்தான். அடுத்த சுற்றில் புத்தகம். நீண்ட கணக்குகள் கடைசியில். வீட்டு லோட் கணக்கில் பன்னிரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்திலிருந்த நாலு சுலபக் கேள்விகளை வாசிக்காமலே வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு புள்ளி என்றால் எல்லாமே ஒரு புள்ளிதான். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் 43 வயதில் எந்த மொழியில் படித்தீர்களோ அந்த மொழியில்தான் மூளை யோசிக்கும். கேள்வியில் குறைந்தபட்சமா அதிகபட்சமா என்று கேட்கும் சொல், முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்கும் சொல், இரண்டையும் கண்டுபிடித்த பிறகே தெரிவுகளைப் பாருங்கள். பாதுகாப்புக் கேள்விகளில் நாலு தெரிவும் சரியான செயல்களாக இருக்கும், எது முதலில் என்பதுதான் கேள்வி. வேலையைத் தொடங்க முன் கரண்ட் நின்றுவிட்டதா என்று மீட்டரால் பார்ப்பது சரி. ஆனால் அதற்கு முன் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிட வேண்டும். மொழி உதவி ஏதும் கேட்க வழியுண்டா என்பதைத் திகதி எடுக்கும்போதே விசாரியுங்கள், மண்டப வாசலில் கேட்டால் நடக்காது.

இரவில் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கிறது என்றீர்கள். அது போதும், ஆனால் அது உங்கள் நாளின் கடைசி மணித்தியாலமாக இருந்தால் போதாது. உடம்பு அலுத்துப் படுக்கப் போகும் நேரத்தில் அட்டவணை மண்டைக்குள் ஏறாது. காலையில் வேலைத்தளத்துக்கு அரை மணித்தியாலம் முந்திப்போய் வண்டிக்குள் இருந்து ஐந்து கேள்வி செய்யுங்கள். அங்கே நாள் முழுதும் நீங்கள் இழுக்கும் குழாயும், திறக்கும் பனலும் கோட்டின் ஏதோ ஒரு விதிக்குள் வருபவைதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: இன்று நான் போட்டது எந்த விதி? அப்படிக் கண்டுபிடித்த விதி மறக்காது. வீட்டில் மனைவியிடமும் திகதியைச் சொல்லிவையுங்கள். மூன்று மாதத்துக்குக் கலியாணவீடு, பிறந்தநாள் விழா கொஞ்சம் குறையட்டும். கோபிக்கிற சொந்தக்காரர் இரண்டு பேர் இருப்பார்கள், பிறகு சமாதானப்படுத்தலாம்.

எப்போது மூன்றாம் தரம் எழுதுவது? நீங்கள் முன்பு கண்டிராத, கனடாக் கோட்டின் அடிப்படையிலான ஒரு முழுத் தாளை நாலு மணித்தியாலத்துக்குள் செய்து, எண்பதுக்கு மேல் இரண்டு தரம் வந்தால் திகதி எடுங்கள். கண்டிராத தாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதற்காக ஒன்றிரண்டு தாள்களை இப்போதே திறக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, சித்தியடைந்தால் சொந்தமாக வேலை எடுக்கலாம் என்ற நம்பிக்கையை எழுதியிருந்தீர்கள். 309ஏ கிடைத்தால் மேற்பார்வை இல்லாமல் எலெக்ட்ரீஷனாக வேலை செய்யலாம், சம்பளமும் ஏறும். ஆனால் ஒன்ராறியோவில் வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை எடுக்க மின் கொன்ட்ராக்டர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஒரு மாஸ்டர் எலெக்ட்ரீஷன் பொறுப்பில் இருக்க வேண்டும். நீங்களே மாஸ்டராவதென்றால் 309ஏ எடுத்து மூன்று வருச அனுபவத்துக்குப் பிறகு இன்னொரு பரீட்சை இருக்கிறது. அதுவரை, தெரிந்த வீடுதானே, ஒரு பேஸ்மென்ட்தானே, காசாகத் தருகிறேன் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகார சபையில் முறையாக அறிவித்தல் போட முடியாது, பரிசோதகர் வரமாட்டார், தீப்பிடித்தால் காப்புறுதிக்காரன் முதலில் தேடுவது உங்களைத்தான். இந்த மூன்று வருசத்தில் சேர்விஸ் மாற்றும் வேலையும் பனல் வேலையும் கிடைக்கும் கொம்பனியாகப் பார்த்துச் சேருங்கள். பிழைக் கொப்பியில் ஒரு முப்பது வரி சேர்ந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்தப் பக்கம் ஆட்டம் காண்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.